கஃபேயில் உட்கார்ந்து வேலை பார்க்கப் போகிறீர்களா? வைஃபையை நம்பும் முன் செய்ய வேண்டியவை

வாசலில் 'இலவச வைஃபை' என்று பலகை தொங்கியது. நம்பி உள்ளே போனேன். ஒரு காபி சொல்லிவிட்டு, புதிய வாடிக்கையாளர் ஒருவருடன் காணொளி அழைப்பில் அமர்ந்தேன். அரை மணி நேரம் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. வேலைக்கு எவ்வளவு கேட்கிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன், படம் உறைந்துவிட்டது. மறுபடி உயிர் வந்தபோது எதிர்முனையில் இருந்தவர் சிரித்துக்கொண்டே, "தொகையில் கடைசிப் பூஜ்யம் மட்டும் தெளிவாகக் கேட்டது" என்றார். அந்த வேலை எனக்குக் கிடைக்கவில்லை. வைஃபைதான் காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் வெளியே வரும்போது அந்தப் பலகையைக் கழற்றி எறியலாமா என்று இருந்தது.

அதன் பிறகு பல மாதங்கள் மடிக்கணினியைத் தோளில் மாட்டிக்கொண்டு கஃபே கஃபேயாக அலைந்தேன். நீங்கள் அவ்வளவு அலைய வேண்டியதில்லை. புதிதாக ஒரு நகரத்துக்கு வந்திருக்கிறீர்கள், வீட்டுக்கு இணைய இணைப்பு இன்னும் வந்து சேரவில்லை, அல்லது வீட்டில் உட்கார்ந்தால் வேலை ஓடவில்லை என்றால் கீழே உள்ள வரிசையில் போங்கள். எல்லாப் படிகளையும் முடிக்க ஒரு வாரம் ஒதுக்குங்கள். அந்த வாரத்தில் முக்கியமான அழைப்பு எதையும் கஃபேயில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

1. உங்கள் வேலைக்கு எவ்வளவு வேகம் வேண்டும் என்று கணக்குப் போடுங்கள்

'நல்ல வைஃபை' என்று பொதுவாக ஒன்று கிடையாது. மின்னஞ்சலும் கட்டுரையும் எழுதுகிறவருக்குப் போதுமானது, காணொளித் தொகுப்பாளருக்கு நரகம்.

வேகத்தை நொடிக்கு இத்தனை மெகாபிட் என்று அளக்கிறார்கள். (சுருக்கி எம்பிபிஎஸ் என்று எழுதினால் டாக்டர் படிப்பு போல இருக்கிறது, அதனால் மெகாபிட் என்றே எழுதுகிறேன்.) ஸூம் நிறுவனம் தன் பயனர்களுக்குச் சொல்லும் கணக்கைப் பாருங்கள். இருவர் மட்டும் பேசும் காணொளி அழைப்புக்கு 0.6 மெகாபிட் போதும். படம் 720பி துல்லியத்தில் வேண்டுமானால் 1.2. அதற்கும் மேலே 1080பி என்றால் அனுப்புவதற்கு 3.8, பெறுவதற்கு 3.0. குரல் மட்டும் என்றால் 0.1 கூடத் தேவைப்படாது. ஆகவே பதிவேற்றம் 5 மெகாபிட் நிலையாகக் கிடைத்தால் ஒருவருக்கு எந்த அழைப்பும் தாங்கும். 'நிலையாக' என்ற சொல்லைக் கவனியுங்கள், என் பணம் போனது அந்தச் சொல்லில்தான்.

புதியவர்கள் பலரும் விழும் பள்ளம் ஒன்று உண்டு. வேகம் மெகாபிட்டில், கோப்பின் அளவு மெகாபைட்டில். ஒரு பைட் என்பது 8 பிட். 5 மெகாபிட் பதிவேற்றத்தில் 1 ஜிபி கோப்பை அனுப்ப ஏறக்குறைய 27 நிமிடம் ஆகும். மாலை ஐந்து மணிக்குள் அனுப்பியாக வேண்டிய கோப்பை நாலே முக்காலுக்கு ஏற்றத் தொடங்கினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

2. தாள்களைச் சரிபாருங்கள்

கஃபேக்குப் போக என்ன தாள் என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

முதலில் நிறுவனத்தின் அனுமதி. பொது வைஃபையில் வேலை பார்க்கக்கூடாது என்றோ, விபிஎன் (உங்கள் இணையப் போக்குவரத்தை மறைத்து அனுப்பும் தனிவழி) இல்லாமல் இணையக்கூடாது என்றோ விதி வைத்திருக்கும் நிறுவனங்கள் உண்டு. மேலாளர் வாய்மொழியாகச் சொல்லும் 'சரி, பார்த்துக்கொள்ளுங்கள்' போதாது. ஒரு வரி மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள். நோயாளிகள், வங்கிக் கணக்குகள் போன்ற தனிப்பட்ட விவரங்களைக் கையாளும் வேலை என்றால் அனுமதி கிடைக்காமலே போகலாம். கிடைக்காவிட்டால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு வீட்டு இணைப்புக்கு அலையுங்கள்.

வேறு நாட்டுக்குப் போயிருக்கிறீர்கள் என்றால் விசாவையும் பாருங்கள். சுற்றுலா விசாவில் இருந்துகொண்டு, சம்பளம் வெளிநாட்டிலிருந்து வந்தாலும், வேலை பார்ப்பதை எல்லா நாடுகளும் அனுமதிப்பதில்லை. அந்தந்த நாட்டின் அதிகாரபூர்வமான குடிவரவுத் தளத்தில் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

அடுத்து, மடிக்கணினி வாங்கிய ரசீது, அதன் தொடர் எண். இரண்டையும் படம் எடுத்து, அந்த மடிக்கணினியில் அல்லாமல் வேறோர் இடத்தில் வையுங்கள். தொலைந்தால் போலீஸ் புகாருக்கும் காப்பீட்டுக்கும் இவற்றைத்தான் கேட்பார்கள். வன்தட்டை மறையாக்கம் செய்துவிடுங்கள், அதாவது சாவி இல்லாமல் யாராலும் படிக்க முடியாதபடி பூட்டிவிடுங்கள். விண்டோஸில் பிட்லாக்கர், மேக்கில் ஃபைல்வால்ட். அதன் மீட்புச் சாவியைத் தாளில் எழுதிப் பையின் முன்னறையில் செருகி வைத்திருந்த ஒருவரை எனக்குத் தெரியும். பையோடு போனால் சாவியும் போகும்.

செலவை நிறுவனத்திடம் திரும்பப் பெறுகிறவர்களுக்கு: பில்லில் நிறுவனத்தின் பெயர் வேண்டுமானால் பணம் கொடுப்பதற்கு முன்பே சொல்லுங்கள். வெப்பத்தாளில் அச்சடித்த ரசீது சில மாதங்களில் வெளுத்துவிடும். அன்றன்றே படம் எடுத்துவிடுங்கள். என்னிடம் இருந்த ஒரு காலாண்டு ரசீதுகளைக் கணக்குப் பிரிவுக்கு நீட்டியபோது அவை வெள்ளைத்தாள்களாக இருந்தன.

3. வரைபடத்தில் தேடி ஆறு இடங்களைப் பொறுக்குங்கள்

கூகுள் மேப்ஸில் நட்சத்திர எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறாதீர்கள். அந்த நட்சத்திரங்கள் காபிக்கும் உபசரிப்புக்கும் கிடைத்தவை, வைஃபைக்குக் கிடைத்தவை அல்ல. கருத்துகளின் பகுதியில் தேடும் வசதி இருக்கிறது. அதில் வைஃபை, லேப்டாப், பிளக், சத்தம் ஆகிய சொற்களை அந்த ஊர் மொழியிலும் ஆங்கிலத்திலும் போட்டுத் தேடுங்கள். புதிய கருத்து முதலில் வரும்படி அடுக்குங்கள். இரண்டு வருடத்துக்கு முந்தைய புகழ்ச்சியால் பயனில்லை. ரவுட்டரும் முதலாளியும் மாறியிருக்கலாம்.

கருத்துகளைவிடப் படங்கள் நம்பகமானவை. கடைக்காரர் போட்ட படங்களை விட்டுவிட்டு வாடிக்கையாளர் எடுத்த படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். பிறந்தநாள் கேக்குக்குப் பின்னால், யாரும் கவனிக்காத மூலையில், சுவரில் பிளக் தெரிகிறதா? பின்னணியில் யாராவது மடிக்கணினியோடு இருக்கிறார்களா? மேசைகள் முழங்கால் உயரத்துக்கு இருக்கின்றனவா? எந்த நேரத்தில் கூட்டம் என்று காட்டும் வரைபடமும் அதே பக்கத்தில் இருக்கும். அதை 9ஆம் படியில் பயன்படுத்துவோம்.

பிறகு தொலைபேசியில் கூப்பிடுங்கள். 'வைஃபை இருக்கிறதா?' என்று கேட்டால் எல்லாரும் 'இருக்கிறது' என்பார்கள். எவ்வளவு வேகம் என்று கேட்டால் 'நல்லா வேகமா இருக்கும் சார்' என்பதற்கு மேல் பதில் வராது. கேட்க வேண்டியவை இவை: மடிக்கணினியோடு மூன்று மணி நேரம் உட்காரலாமா? வார இறுதியிலும் உட்காரலாமா, கூடாதா? ஒரு பில்லுக்கு இத்தனை நிமிடம் என்று வைஃபைக்கு வரம்பு உண்டா? பிளக் பக்கத்தில் எத்தனை மேசை? தயங்கிப் பதில் சொல்லும் இடத்தை அடித்துவிடுங்கள். அங்கே போனால் முகம் சுளிப்பார்கள்.

ஆறு இடங்கள் போதும். வீட்டிலிருந்து இருபது நிமிடத்துக்குள் போகக்கூடியவையாக இருக்கட்டும். ஒரு மணி நேரம் பயணம் செய்து போய் வேலை பார்ப்பதற்கு அலுவலகத்துக்கே போகலாம்.

4. முதல் பத்து நிமிடச் சோதனை

ஒரு நாளைக்கு இரண்டு கஃபே என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போனதும் இருப்பதிலேயே சிறியதை மட்டும் சொல்லுங்கள். சாப்பாடு சொன்னால் எழுந்து போக மனம் வராது. வேகம் படுத்துக் கிடக்கும், நாமும் தட்டு காலியாகும் வரை அங்கேயே கிடப்போம்.

முதலில் சமிக்ஞை. திரையின் மூலையில் தெரியும் வளைவுக்கோடுகள் தோராயமானவை. மேக்கில் ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு வைஃபை சின்னத்தைச் சொடுக்கினால் ஆர்எஸ்எஸ்ஐ என்ற பெயரில் ஓர் எதிர்மறை எண் தெரியும். ஆண்ட்ராய்டில் வைஃபை அனலைசர் போன்ற செயலிகள் அதையே காட்டும். பூஜ்யத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. மைனஸ் 50 அருமை. மைனஸ் 67 வரை அழைப்புகளுக்கு நம்பலாம். மைனஸ் 75ஐத் தாண்டினால் அந்த மேசையில் உட்காராதீர்கள்.

அடுத்து வேகம். ஃபாஸ்ட் டாட் காம் தளத்தைத் திறந்தால் முதலில் பதிவிறக்க வேகத்தை மட்டும் கொட்டை எழுத்தில் காட்டும். அதைப் பார்த்து மகிழ்ந்து நிறுத்திவிடாதீர்கள். கூடுதல் விவரத்தைக் காட்டும் பொத்தானை அழுத்தினால் பதிவேற்றமும் தாமதமும் (அனுப்பியதற்குப் பதில் வர ஆகும் நேரம்) வரும். தாமதத்தில் இரண்டு எண்கள் இருக்கும்: இணைப்பு சும்மா இருக்கும்போது ஒன்று, சுமை ஏற்றும்போது இன்னொன்று. இரண்டாவது எண்ணைத்தான் நான் முதலில் பார்ப்பேன். சும்மா இருக்கும்போது 30 மில்லிநொடி, சுமையில் 700 என்று எகிறினால், பக்கத்து மேசைக்காரர் தன் விடுமுறைப் படங்களை மேகத்துக்கு (இணையச் சேமிப்பகத்துக்கு) ஏற்றத் தொடங்கும் நொடியில் உங்கள் அழைப்பு மூழ்கும். ரவுட்டரில் தரவு வரிசை கட்டி நிற்பதுதான் காரணம். நான் பூஜ்யத்தில் மாட்டிக்கொண்ட அந்தக் கஃபேயில் பதிவிறக்கம் 80 மெகாபிட் இருந்தது. பிறகு ஒருநாள் போய் அளந்து பார்த்தேன். சுமையில் தாமதம் ஒரு நொடிக்கு மேல்.

கிளவுட்ஃபிளேர் நடத்தும் வேகச் சோதனைப் பக்கம் தாமதத்தின் ஏற்ற இறக்கத்தையும் தரவிழப்பையும் சேர்த்துக் காட்டும். என் கைக்கணக்கு இது: பதிவேற்றம் 5 மெகாபிட்டுக்கு மேல், தாமதம் 100 மில்லிநொடிக்குள், ஏற்ற இறக்கம் 30க்குள், தரவிழப்பு பூஜ்யம். சோதனையை மூன்று முறை, நடுவில் இரண்டிரண்டு நிமிட இடைவெளி விட்டு ஓட்டுங்கள். மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் 10 மெகாபிட் போதும். 60, 4, 35 என்று குதித்தால் 60 இருந்தும் பயனில்லை.

கட்டளைச் சாளரம் பழக்கமானவர்கள் 1.1.1.1 என்ற முகவரிக்குப் பிங் கட்டளையை ஐந்து நிமிடம் ஓட விட்டுப் பார்க்கலாம். விண்டோஸில் தானாக நான்கு முறையோடு நின்றுவிடும், தொடர்ந்து ஓடும்படி சொல்ல வேண்டும். நடுநடுவே பதில் வராத வரிகள் தென்பட்டால் அழைப்பிலும் அந்த ஓட்டைகள் விழும்.

இறுதியாக விபிஎன்னை இயக்கி மறுபடி சோதியுங்கள். சில கஃபேக்களின் வைஃபை விபிஎன்னை அடைத்து வைத்திருக்கும். உங்கள் நிறுவனம் விபிஎன் கேட்டால், மற்ற எல்லா எண்களும் அழகாக இருந்தாலும் அந்த இடம் உங்களுக்கு உதவாது.

5. மேசையைத் தேர்ந்தெடுங்கள்

ஒரே கஃபேயில் நல்ல மேசையும் உண்டு, பேய் பிடித்த மேசையும் உண்டு. எனக்குப் பிடித்த ஒரு கஃபேயில் பணம் செலுத்தும் மேடைக்குப் பக்கத்தில் பிளக்கோடு ஒரு மேசை கிடைத்தது. சமிக்ஞை அபாரம், வேகமும் குறையில்லை. ஆனால் அழைப்பு சில நிமிடங்களுக்கு ஒருமுறை திக்கும், பிறகு தானாகச் சரியாகிவிடும். மடிக்கணினியைச் சந்தேகித்தேன், ஹெட்செட்டைச் சந்தேகித்தேன், ஒரு கட்டத்தில் எதிர்முனையில் இருந்தவரையே சந்தேகித்தேன். இரண்டாவது வாரம்தான் காதில் விழுந்தது: திக்கல் நிற்கும்போதெல்லாம் என் முதுகுக்குப் பின்னால் 'டிங்' என்று ஒரு சத்தம். மைக்ரோவேவ் அடுப்பு! யாருக்கோ எதையோ சூடாக்கும் ஒவ்வொரு முறையும் நான் உறைந்துகொண்டிருந்தேன்.

மைக்ரோவேவ் அடுப்பு இயங்குவது 2.45 ஜிகாஹெர்ட்ஸ் அலையில். பழைய வைஃபையும் அதே 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பட்டையில்தான் ஓடுகிறது. அந்தப் பட்டையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் (சேனல்கள்) 1, 6, 11 என்று மூன்றே மூன்று. அக்கம்பக்கத்துக் கடைகள், மேல்மாடி வீடுகள் எல்லாம் அந்த மூன்றில்தான் நெருக்கியடிக்கின்றன. 5 ஜிகாஹெர்ட்ஸ் பட்டையில் இடம் தாராளம், அடுப்புத் தொல்லையும் இல்லை. ஆனால் அது சுவரைத் தாண்டத் திணறும். ஆகவே ரவுட்டர் கண்ணில் படும் மேசையில் உட்கார்ந்து, 5 ஜிகாஹெர்ட்ஸ் இணைப்பில் சேருங்கள். ஒரே பெயரில் இரண்டு இருந்தால் ஒன்றின் பின்னால் 5ஜி என்று எழுதியிருப்பார்கள். கைபேசியின் 5ஜிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கான்கிரீட் தூண், பெரிய கண்ணாடி, மீன்தொட்டி, ஆள் உயரக் குளிர்பெட்டி இவற்றின் நிழலில் உட்காராதீர்கள்.

பையை இறக்கும் முன் பிளக்கைச் சோதியுங்கள். சார்ஜரைச் செருகி விளக்கு எரிகிறதா என்று பார்த்த பிறகே இடம் பிடியுங்கள். அலங்காரத்துக்கு நிற்கும் பிளக்குகள் நிறைய. முதுகுக்குப் பின்னால் சுவர் இருந்தால் உங்கள் திரையை யாரும் எட்டிப் பார்க்க முடியாது, அழைப்பில் பின்னணியும் அமைதியாக இருக்கும். சோபாவைப் பார்த்து மயங்காதீர்கள். இரண்டு மணி நேரத்தில் கழுத்து பதில் சொல்லும்.

6. உள்நுழைவுப் பக்கம் வராவிட்டால்

இணைந்துவிட்டதாகக் காட்டும், ஆனால் எந்தப் பக்கமும் திறக்காது. கைபேசி எண் கேட்கும் அந்த உள்நுழைவுப் பக்கம் எங்கோ ஒளிந்துகொண்டிருக்கும். புதியவர்கள் பாதி நேரத்தை இழப்பது இங்கேதான். விபிஎன்னை அணையுங்கள். தனி டிஎன்எஸ் (தளத்தின் பெயரை முகவரி எண்ணாக மாற்றித் தரும் சேவை) அமைத்திருந்தால் அதையும் தற்காலிகமாக அணையுங்கள். பிறகு உலாவியில் நெவர்எஸ்எஸ்எல் டாட் காம் என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். பூட்டுப் போடாத, அதாவது மறையாக்கம் இல்லாத, சாதாரணப் பக்கம் அது. பூட்டுப் போட்ட தளங்களுக்குப் போகும் வழியில் கஃபேயின் ரவுட்டரால் குறுக்கே வந்து தன் பக்கத்தைக் காட்ட முடியாது, இதில் முடியும். உள்நுழைந்ததும் விபிஎன்னை மறுபடி இயக்க மறக்காதீர்கள்.

குறுஞ்செய்தியில் கடவு எண் அனுப்பும் இடங்களில் வெளிநாட்டு எண்ணுக்கு அது வராமல் போகலாம். ஊழியரிடம் நேரடிக் குறியீடு இருக்கிறதா என்று கேளுங்கள், பெரும்பாலும் ஒரு சீட்டில் எழுதித் தருவார்கள். ஓர் ஆளுக்கு ஒரு கருவிதான் என்று வரம்பு வைத்திருந்தால், முதலில் கைபேசியை இணைப்பவர் அந்த ஓர் இடத்தை அதற்கே தாரை வார்த்துவிடுவார். மடிக்கணினியை முதலில் இணையுங்கள்.

7. பாதுகாப்பு

இணைப்பின் பெயரை ஊழியரிடம் எழுத்தெழுத்தாகக் கேட்டுச் சேருங்கள். கஃபேயின் பெயரிலேயே போலி இணைப்பு ஒன்றை யார் வேண்டுமானாலும் தங்கள் கைபேசியிலிருந்து உருவாக்கலாம். விண்டோஸ் கேட்கும்போது 'பொது' என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். கோப்புப் பகிர்வை அணையுங்கள். தானாக இணையும் வசதியை இந்த இணைப்புக்கு நிறுத்துங்கள். இன்று பெரும்பாலான தளங்கள் பூட்டுப் போட்டவைதான் என்பதால் கடவுச்சொல்லை காற்றில் பிடித்துவிடுவார்கள் என்று பயந்து நடுங்க வேண்டாம். உலாவி 'இந்தத் தளத்தின் சான்றிதழ் சரியில்லை' என்று எச்சரித்தால் மட்டும், எவ்வளவு அவசரமானாலும், தாண்டிப் போகாதீர்கள்.

என் அனுபவத்தில் பெரிய ஆபத்து கழிவறைதான். தனியாகப் போகிறவர் என்ன செய்வது? மடிக்கணினியும் கைபேசியும் பையும் உங்களோடு வரட்டும். மேசையில் பாதிக் காபியும் ஒரு குறிப்பேடும் இருந்தால் இடம் போகாது. பக்கத்து மேசைக்காரரிடம் 'கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்' என்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. அவருக்கும் ஓர் அழைப்பு வரும், எழுந்து வெளியே போவார்.

8. செலவைக் கோப்பையில் கணக்கிடுங்கள்

ஊருக்கு ஊர் விலை மாறும். அதனால் நான் எல்லாவற்றையும் கோப்பையில் எண்ணுகிறேன். அந்தக் கஃபேயில் ஒரு காபியின் விலை ஒரு கோப்பை.

ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு கோப்பை என்பது என் வழக்கம். எந்தப் பலகையிலும் எழுதியிருக்காது, ஆனால் இதைக் கடைப்பிடித்தால் யாரும் உங்களைப் பார்த்துப் பெருமூச்சு விட மாட்டார்கள். நான்கு மணி நேரத்துக்கு மூன்று கோப்பை. மாதம் இருபது நாள் என்றால் அறுபது கோப்பை. இதன் மேல் போக்குவரத்து, கைபேசித் தரவு, சலிப்பில் வாங்கித் தின்னும் பண்டங்கள். இந்தக் கடைசி இனத்தைக் கணக்கில் சேர்க்காதவர்கள்தான் 'காபிக்கு எவ்வளவு ஆகிவிடும்' என்று கேட்பார்கள். என் முதல் மாதக் கணக்கில் பண்டங்களின் செலவு காபியின் செலவைத் தாண்டியிருந்தது.

இப்போது அருகில் இருக்கும் பகிர்வு அலுவலகத்தின் (கோவொர்க்கிங், மேசையை வாடகைக்கு விடும் இடம்) ஒருநாள் கட்டணத்தைக் கேளுங்கள். அதைக் கோப்பை விலையால் வகுங்கள். நான்கு, ஐந்து கோப்பைக்குள் வந்தால், அழைப்புகள் நிறைந்த நாட்களில் யோசிக்காமல் அங்கே போங்கள். அங்கே புகைப்பட அடையாள அட்டை கேட்பார்கள். பொது நூலகம் என்றால் பூஜ்யம் கோப்பை. உறுப்பினர் அட்டைக்கு முகவரிச் சான்றும், சில இடங்களில் திரும்பக் கிடைக்கும் வைப்புத்தொகையும் வேண்டும். புது ஊரில் முகவரிச் சான்று கிடைக்கவே வாரங்கள் ஆகலாம் என்பதால் முதல் நாளே விண்ணப்பித்துவிடுங்கள். அமைதியாக எழுதும் வேலைக்கு நூலகத்தை மிஞ்ச ஒன்றும் இல்லை. பேசத்தான் முடியாது.

கருவிகளை முதல் வாரத்தில் வாங்கிக் குவிக்காதீர்கள். நீளமான கம்பியோடு ஒரு சார்ஜர், வாய்க்கு அருகே மைக் நீளும் ஒரு ஹெட்செட். இந்த இரண்டும் போதும்.

9. நேரம்

திறந்த முதல் இரண்டு மணி நேரம் பொன்னானது. மதிய உணவு நேரத்தில் மேசையை அடைத்துக்கொண்டு உட்காராதீர்கள். நான்கு பேர் அமரும் மேசையாக இருந்தால் நீங்களே எழுந்து சிறிய மேசைக்கு மாறுங்கள். அந்த ஒரு செயலுக்காக ஊழியர்கள் உங்களை நினைவில் வைத்துக்கொள்வார்கள். மதியத்துக்குப் பின் மறுபடி அமைதி. பள்ளி, கல்லூரி விடும் நேரத்தில் கூட்டம் ஏறும், வேகம் இறங்கும்.

காலியாக இருக்கும் காலை ஒன்பது மணிக்குச் சோதித்துவிட்டு, 'இந்தக் கஃபே பிரமாதம்' என்று முடிவு கட்டாதீர்கள். 4ஆம் படியில் தேறிய இடத்துக்குக் கூட்டம் உச்சத்தில் இருக்கும் நேரம் பார்த்து இன்னொரு முறை போய் அதே எண்களை அளந்து பாருங்கள். ஆறில் இரண்டோ மூன்றோதான் மிஞ்சும்.

10. அழைப்பு நாட்களில்

சத்தத்தை அடக்கும் விலையுயர்ந்த ஹெட்ஃபோன் போட்டிருக்கிறேன், எனக்குக் கவலை இல்லை என்று நானும் ஒரு காலத்தில் சொன்னவன்தான். அது உங்கள் காதுக்குத்தான் அமைதி. காபிக்கொட்டை அரைக்கும் இயந்திரத்தின் அலறல் எதிர்முனைக்கு அப்படியே போகும். உங்களுக்கு மட்டும் கேட்காது, அதனால் சத்தம் போடுவதும் தெரியாமல் பேசிக்கொண்டே இருப்பீர்கள். வாய்க்கு அருகே இருக்கும் மைக்கும், அழைப்புச் செயலியின் உள்ளேயே இருக்கும் பின்னணி ஒலி நீக்கமும்தான் மற்றவர்களைக் காப்பாற்றும். பேசாதபோது மைக்கை அணையுங்கள். படம் திக்கத் தொடங்கினால் முதலில் உங்கள் கேமராவை அணையுங்கள். குரலுக்கு மிகக் குறைந்த வேகமே தேவை என்பதால் பேச்சு பிழைத்துக்கொள்ளும்.

சம்பளம், ரகசியம், குடும்பச் சண்டை ஆகிய மூன்றையும் கஃபேயில் பேசாதீர்கள். தொகையைச் சொல்ல வேண்டியிருந்தால் அரட்டைப் பெட்டியில் தட்டச்சு செய்யுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன், பூஜ்யங்கள் முழுதாகப் போய்ச் சேர்கின்றன.

11. மாற்று இணைப்பு

எவ்வளவு நல்ல கஃபேயானாலும் ஒருநாள் கைவிடும். கைபேசியின் ஹாட்ஸ்பாட்தான் இரண்டாவது கயிறு. ஆனால் கைபேசிச் சமிக்ஞை அந்தக் கட்டிடத்துக்குள் கிடைக்கிறதா என்பதைச் சோதனை நாளிலேயே பாருங்கள். அடித்தளத்தில் இருக்கும் கஃபேக்களில் பெரும்பாலும் இருக்காது. வைஃபை வழியாகப் பகிர்வதைவிட யுஎஸ்பி கம்பியில் பகிர்வது மேல். ஏற்கெனவே நெரிசலான காற்றில் இன்னோர் இணைப்பைத் திணிக்க வேண்டாம், கைபேசியும் சார்ஜ் ஏறிக்கொண்டே இருக்கும்.

தரவுக் கணக்கு: 720பி அழைப்பில் போக 1.2, வர 1.2 மெகாபிட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1 ஜிபி. ஹாட்ஸ்பாட்டுக்கு மாறும் முன், மேகத்தில் கோப்புகளை ஒத்திசைக்கும் செயலிகளை நிறுத்துங்கள். விண்டோஸில் அந்த இணைப்பை 'அளவிடப்பட்டது' என்று குறித்தால் பெரிய புதுப்பிப்புகள் காத்திருக்கும். ஒரு முறை நான் குறிக்க மறந்தேன். அழைப்பு முடிவதற்குள் அந்த மாதத் தரவு முடிந்துவிட்டது.

மின்சாரத்துக்கும் மாற்று வேண்டும். 20,000 எம்ஏஎச் பவர்பேங்க் என்பது 3.7 வோல்ட்டில் 74 வாட் மணி. மாற்றத்தில் கொஞ்சம் வீணானாலும் சாதாரண மடிக்கணினியை ஒரு முறை நிரப்பும். ஆனால் வாங்கும் முன் பெட்டியில் வாட் எண்ணைப் படியுங்கள். கைபேசிக்கான 18 வாட் பவர்பேங்க்கைச் செருகினால், மடிக்கணினி ஒன்று அதை ஏற்காது, அல்லது ஏற்றுக்கொண்டு ஏறுவதைவிட வேகமாக இறங்கும்.

12. ஒரு குறிப்பேடு

எண்கள் மறந்துவிடும். ஒவ்வொரு கஃபேக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். என் குறிப்பேட்டில் இப்போது மூன்று இடங்கள் மிஞ்சியிருக்கின்றன. பெயரைத் தவிர்த்துவிட்டு எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன்.

முதல் இடம்: அழைப்புக்கு. ஜன்னல் பக்கம் இரண்டாவது மேசை, மைனஸ் 54. பதிவேற்றம் 18, 17, 18. சுமையில் தாமதம் 70. வலது பிளக் மட்டும் வேலை செய்கிறது. 12.30க்குள் எழுந்துவிட வேண்டும். ஹாட்ஸ்பாட் நன்றாகக் கிடைக்கிறது.

இரண்டாவது: எழுதுவதற்கு. பதிவேற்றம் 3தான், அழைப்பு கூடாது. நல்ல நாற்காலி. பிளக் இல்லை, முழு சார்ஜோடு போகவும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை உள்நுழைவுப் பக்கம் மறுபடி வரும், அதற்கு முன் கோப்பைச் சேமிக்கவும்.

மூன்றாவது: பெரிய கோப்பு அனுப்ப. பதிவேற்றம் 90. சத்தம் தாங்காது, நின்றுகொண்டேகூட அனுப்பிவிட்டு வந்துவிடலாம். திங்கட்கிழமை விடுமுறை (இரண்டு முறை போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்).